ஈஸ்ட்டை நம்பாத இருசப்பன்

இருசப்பன் யாரையும் நம்பமாட்டான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்கு உரத்த குரல், அவனுக்குச் சந்தேகம், அவ்வளவுதான். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டியதும் இருந்த பேக்கரியில் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க உள்ளே பிரெட் போட்டவன் அவன். மைதா மூட்டை வந்து இறங்கினால், வாயைத் தைத்த நூலைப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்களா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பான். தராசு சொன்ன எடையை நம்பாமல் மூட்டையைத் தோளில் தூக்கி நாலு எட்டு நடந்து பார்ப்பான். விறகுக்கட்டையைக் காதருகே வைத்துத் தட்டி ஈரம் இருக்கிறதா என்று கேட்பான். என்னை எத்தனை தடவை சந்தேகப்பட்டிருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான்.

சொந்த ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை தனி மாவட்டமான எண்பத்தொன்பதில் மாவு பிசையும் வேலைக்கு வந்து சேர்ந்தான். எங்கள் கடை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களை நம்பி நடந்தது. அவர்கள் மலைக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டான்.

"இத்தினி தூரம் வந்து கண்ண மூடிக்கினா, இன்னாத்தப் பாக்க வந்தாங்கண்ணா?"

நான் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

மனிதர்களைவிட அவன் அதிகமாகச் சந்தேகப்பட்டது ஈஸ்ட்டை. பிரெட் மாவை உப்ப வைக்கும் அந்தப் பழுப்பு மணிகளோடுதான் அவன் பிழைப்பு. ஆனால் ஒருநாள்கூட அதற்கு அவன் நல்ல பெயர் கொடுத்ததில்லை. சித்திரை வெயிலில் சொன்ன நேரத்துக்கு முன்பே பொங்கித் தொட்டியை விட்டு வழியும். மார்கழிக் குளிரில் கோணிப்பையைப் போர்த்தினாலும் எழுந்திருக்காது. உப்பு நேராகப் பட்டால் செத்துவிடும். குழாய்த் தண்ணீரில் மருந்து ஜாஸ்தியானால் முறைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்தவுடன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்பான். நுரை கட்டினால் உயிர் இருக்கிறது, மாவில் போடலாம். கட்டாவிட்டால் அந்தப் பாக்கெட் குப்பைக்குப் போகும்.

"உசுரு இருக்கறது எதுவும் சொன்ன பேச்சு கேக்காதுண்ணா" என்பான். "கேக்கற மாதிரி இருக்கும். அசந்தா காலை வாரி வுட்ரும்."

அவனுக்கும், எங்கள் கடையில் ட்ரே கழுவும் அவன் மனைவி பச்சையம்மாளுக்கும் ஒரே மகள், வினோதினி. எட்டு வயதில் அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருவதுபோல மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை அது. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது, இனி வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால்தான் பிள்ளை உயிரோடு இருப்பாள் என்று வேங்கிக்காலில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் மணிமொழி சொன்னார். காலையில் பன்னிரண்டு யூனிட், ராத்திரி அதைவிடக் கொஞ்சம் கம்மி. மருந்து குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். மருந்து கூடினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப் பிள்ளை மயங்கி விழுவாள். இரண்டிலும் உயிர் போகலாம்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் பாட்டில் எங்கள் பேக்கரி ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும். முதல் ஈடு பிரெட்டை அடுப்பில் தள்ளிவிட்டு இருசப்பன் கையைக் கழுவிக்கொண்டு வருவான். வினோதினி பள்ளிச் சீருடையில் பின்கட்டு அறையில் காத்திருப்பாள். சிரிஞ்சில் பன்னிரண்டாவது கோடு வரைக்கும் மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போடுவான். இதை அவன் பச்சையம்மாளிடம்கூட விட்டதில்லை. வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு நீலத் திரவம் கொடுத்திருந்தார்கள். அதில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும், கொஞ்சம் இருந்தால் பச்சையாகும், ஜாஸ்தியானால் செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

அந்தக் காலத்தில் அவளுக்குக் கிடைத்த இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. பச்சையம்மாள் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இருசப்பன் அதை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

"மாடு புல்லத் துண்ணுது, பாலக் குடுக்குது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றான்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. இரண்டாயிரத்து நாலில் மாட்டு மருந்தின் வரத்து குறைந்தது. இனிமேல் புது மருந்துக்கு மாறிவிடலாம், அதே பன்னிரண்டு யூனிட்தான், இது இன்னும் நல்லது என்றார் டாக்டர் மணிமொழி. எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டான் இருசப்பன். ஈஸ்ட்டிலிருந்து என்றார் டாக்டர்.

அன்றைக்கு அவனோடு நானும் போயிருந்தேன். அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். மனித உடம்பு இன்சுலினை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் குறிப்பை நகலெடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். ஈஸ்ட் தன் வேலையோடு சேர்த்து இதையும் செய்கிறது. அதைப் பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்து, பிறகு ஈஸ்ட் மொத்தத்தையும் நீக்கி, இன்சுலினை மட்டும் சுத்தம் பண்ணிப் பாட்டிலில் அடைக்கிறார்கள். நம் உடம்பில் சுரப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

"தொட்டியில வளக்கறப்ப கரண்டு போனா இன்னா பண்ணுவாங்க டாக்டரம்மா?"

"ஜெனரேட்டர் வெச்சிருப்பாங்க."

"வெயில் ஜாஸ்தியா இருந்தா?"

"சூட்டை ஒரே அளவுல வெச்சிருக்க மெஷின் இருக்கு."

"தண்ணி எந்த ஊர்த் தண்ணி?"

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும், "பிரெட்டு உப்பலன்னா நாய்க்குப் போடலாம்ணா. இது உப்பலன்னா யாருக்குப் போடறது?" என்றான்.

பேக்கரிக்கு எதிரே மெடிக்கல் வைத்திருந்தவர் தருமன். வினோதினிக்கு முதல் நாளிலிருந்து இன்சுலின் கொடுத்தவர் அவர்தான். புதுப் பாட்டிலை வாங்கி வந்த இருசப்பன் முதலில் செய்த காரியம், ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் எடுத்து அதில் இரண்டு சொட்டு இன்சுலினை விட்டதுதான். நானும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். நுரை வரவில்லை. ஈஸ்ட்டை எடுத்துவிட்டார்கள் என்றுதானே டாக்டர் சொன்னார், அதனால்தான் வரவில்லை என்றேன். நுரை வந்திருந்தால் மருந்தில் ஈஸ்ட் கலந்திருக்கிறது என்று சொல்லியிருப்பான். வராததால் வேறு சொன்னான்.

"செத்துப் போன சரக்குண்ணா இது."

இந்த நேரத்தில் ஹெல்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரி, வயதானவர், ஒவ்வொரு குளிர்காலமும் வந்து ஆசிரமத்துக்குப் பின்னால் அறையெடுத்துத் தங்குவார். முதல் முதலாக எங்கள் கடைக்கு வந்த அன்று பிரெட்டை அறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே வேகவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர். மற்ற வெள்ளைக்காரர்கள் எதைக் கொடுத்தாலும் புன்னகைப்பார்கள். அந்தப் புன்னகையை இருசப்பன் சந்தேகப்பட்டான். முகத்துக்கு நேரே குறை சொன்ன ஹெல்காவை மட்டும் நம்பினான். அவருக்காகத் தனியாகக் கறுப்பு ரொட்டி ஒன்று போடப் பழகிக்கொண்டான்.

ஹெல்காவுக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அந்தப் பங்குனியில் ஊருக்குக் கிளம்பும்போது, மீந்திருந்த தன் சிரிஞ்சுகளைப் பெட்டியோடு வினோதினிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊர் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, அவருடையதற்கு ஆரஞ்சு மூடி. ஊசி முனை தலைமுடி போல மெலிது. அன்றைக்கு வினோதினிக்கு அதில் போட்டபோது, "போட்டுட்டியாப்பா?" என்று கேட்டாள். நாலு வருஷமாகத் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளை கேட்ட கேள்வி அது. இருசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சிரிஞ்சை ஒரு வாரம், பத்து நாள் என்று வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பொக்கிஷமாகப் பாதுகாத்தான்.

ஈஸ்ட் இன்சுலின் பாட்டிலைத் திறந்ததும் அதே வாரத்தில்தான்.

கொஞ்ச நாளில் நீலத் திரவம் பச்சையானது. பிறகு செங்கல் நிறம். வினோதினி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், பள்ளியில் பெஞ்சில் தலைவைத்துத் தூங்கினாள், தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இருசப்பன் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்ப்பான், மோந்து பார்ப்பான், என்னிடம் நீட்டி "தண்ணி மாதிரி இல்ல?" என்று கேட்பான். இன்சுலின் எப்போதும் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்.

டாக்டர் மணிமொழியிடம் கூட்டிப்போனான். அவர் பிள்ளையைப் பார்த்துப் பதறித்தான் போனார். பதற்றத்தில், "நீங்க ஊசிய சரியாத்தான் போடறீங்களா? அடுத்த வாட்டி பாட்டில், சிரிஞ்சு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

உலகத்தையே சந்தேகப்பட்ட மனுஷன் அவன். தன்னை ஒருவர் சந்தேகப்பட்டதை அவனால் தாங்க முடியவில்லை.

"நாலு வருசமா எம் பொண்ணுக்கு நாந்தான் போடறேன். மருந்த வுட்டுட்டு என்னிய சந்தேகப்படறாங்கண்ணா. கம்பெனிக்காரன் இன்னா குடுத்தானோ" என்றான். அதற்குப் பிறகு அந்தக் கிளினிக் வாசலை மிதிக்கவில்லை.

அவனாகவே மருந்தை ஏற்ற ஆரம்பித்தான். பன்னிரண்டு கோடு பதினைந்தானது. நிறம் மாறவில்லை. இருபதானது. செங்கல் நிறம் கொஞ்சம் தெளிந்தது. பயந்து பயந்து, ஒவ்வொரு தடவையும் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, கடைசியில் முப்பதாவது கோட்டுக்கு வந்தான். முப்பதில் திரவம் மறுபடி நீலமாக நின்றது. வினோதினிக்குத் தாகம் அடங்கியது, முகத்தில் சதை பிடித்தது, என்னோடு வாயாட ஆரம்பித்தாள். ராத்திரி ஊசியையும் அதே கணக்கில் ஏற்றிக்கொண்டான்.

பிள்ளை தேறியதில் அவனுக்குச் சந்தோஷம். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கோபமும் மூண்டது. பன்னிரண்டு போட வேண்டிய இடத்தில் முப்பது போட்டால்தான் வேலை செய்கிறது என்றால், மருந்தில் பாதிக்கு மேல் தண்ணீர். ஈஸ்ட் தொட்டியிலேயே கெட்டுப்போன சரக்கா, நடுவில் யாராவது கலந்தார்களா என்பதுதான் கேள்வி. கையெட்டும் தூரத்தில் இருந்தவர் தருமன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம், கிரிவலத்துக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தபோது, இருசப்பன் மாவுக் கையோடு ரோட்டைத் தாண்டிப் போய் மெடிக்கல் வாசலில் நின்றான். கையில் பாட்டில்.

"தருமா, இதுல எத்தினி பங்கு தண்ணி?"

தருமனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்த வெப்பமானியைக் காட்டினார். பிரிக்காத ஒரு புதுப் பாட்டிலின் மூடி முத்திரையைக் காட்டினார்.

"சீல ஒடைக்காம எப்பிடிப்பா கலக்க முடியும்?"

"அது உனுக்குத்தான் தெரியும். பன்னெண்டு போட்ட எடத்துல முப்பது போடறேன். அப்பத்தான் எம் பொண்ணு எழுந்து உக்கார்றா. இதுக்கு இன்னா சொல்ற?"

தருமன் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து வாங்க நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கிய ஒரு அம்மாள் அதைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார். தருமனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனிமே எங் கடைப் படி ஏறாத" என்றார்.

"ஏறுவனா" என்று திரும்பி வந்தான்.

பேச்சு தீயைவிட வேகமாகப் போகும் ஊர் எங்களுடையது. தருமன் கடையில் கலப்பட மருந்து என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேசினார்கள், டீக்கடையில் பேசினார்கள். காலங்காலமாக அங்கே வாங்கியவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் வேறு கடையில் வாங்கினார்கள். சாயங்காலத்தில் தருமன் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டுவதைக் கல்லாவிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இருசப்பன் தேரடிப் பக்கம் வேறொரு மெடிக்கலில் வாங்கினான். அந்தப் பாட்டிலிலும் முப்பது போட்டால்தான் நீலம் நின்றது. அப்படியென்றால் தருமன் மேல் தப்பில்லைதானே என்றேன் நான்.

"அவனும் இவனும் ஒரே எடத்துலதானண்ணா எடுக்கறாங்க" என்றான்.

சந்தேகம் சுருங்குவதற்குப் பதிலாக இன்னும் ஒரு கடை அகலத்துக்குப் பெருகியது. அவனோடு பேசி ஜெயிக்க முடியாது.

ஐப்பசியில் ஹெல்கா கொடுத்த பெட்டி காலியானது. அவர் வருவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கடைசி சிரிஞ்சின் முனை மழுங்கி வினோதினி முகம் சுளித்ததும், தேரடிக் கடையிலேயே சிவப்பு மூடி சிரிஞ்சு வாங்கி வந்தான். சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. முதல் ஈடு பிரெட் அடுப்பில் இருந்தது. புது சிரிஞ்சில் முப்பதாவது கோடு வரைக்கும் இழுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போட்டான். பிள்ளை டிபன் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் கவர் மடிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். மடித்த ஒரே கவரைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "போய்யா" என்றாள். அந்தப் பிள்ளை அப்படிப் பேசியதே இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. நான் எழுந்திருப்பதற்குள் ஸ்டூலிலிருந்து சரிந்தாள்.

நான் கத்தியதும் இருசப்பன் ஓடி வந்தான். ட்ரே கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மாளும் வந்தாள். பிள்ளையின் கண் பாதி மூடியிருந்தது, வாய் ஏதோ முணுமுணுத்தது. இருசப்பன் ஒரு கணம்தான் பார்த்தான்.

"சக்கர ஏறிப்போச்சி. இன்னிக்கிப் போட்டதுல ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி" என்று ஃபிரிட்ஜுக்கு ஓடினான். பாட்டிலை எடுத்து மறுபடி சிரிஞ்சில் இழுக்க ஆரம்பித்தான்.

கூட்டம் கூடியதைப் பார்த்து எதிர்க்கடையிலிருந்து தருமன் ரோட்டைத் தாண்டி வந்தார். பிள்ளையைப் பார்த்தவர், வந்த வேகத்தில் திரும்பி ஓடி ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டோடு வந்தார்.

"ஊசிய கீழ வையி, இருசப்பா. எப்பிடி வேர்த்துக் கொட்டுது பாரு. இது சக்கர ஏறினது இல்ல, எறங்கினது. இதக் குடு மொதல்ல."

"நீ கிட்ட வராத."

"டேய், ஊசி போட்டா செத்துரும்டா புள்ள."

"உன் சரக்கு எதுவும் எம் பொண்ணு வாயில போகக்கூடாது."

மகளுக்கும் தருமனுக்கும் நடுவில் அவன் நின்றான். ஒரு கையில் நிரப்பிய சிரிஞ்சு, மறுகையில் தருமனின் சட்டை. அந்தக் கையை நான் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. நாற்பது கிலோ மாவைப் பிசையும் கை அது. பச்சையம்மாள் தரையில் உட்கார்ந்து மகள் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் சத்தம் போடவில்லை. நிமிர்ந்து புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ நம்பற ஆளு ஒருத்தர் பேரச் சொல்லு. நான் அவங்களக் கேட்டுக்கறேன். சொல்லுய்யா."

இருசப்பன் வாயைத் திறந்தான். ஒரு பேரும் வரவில்லை.

பச்சையம்மாள் எட்டித் தருமன் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கினாள், பல்லால் கிழித்தாள், விரலில் தொட்டுத் தொட்டு மகளின் கன்னத்துக்குள் தேய்த்தாள். பிள்ளை விழுங்கினாள். மறுபடி தேய்த்தாள், மறுபடி விழுங்கினாள். பிள்ளையின் கண் மெல்லத் திறந்து அம்மா முகத்தில் நின்றபோது, தருமனின் சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில் பாதி இறங்குவதற்குள் வினோதினி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். நான் போன் பண்ணியதால் டாக்டர் மணிமொழியும் வந்துவிட்டார். எத்தனை யூனிட் போட்டீர்கள் என்று கேட்டார். முப்பது என்றான். அவர் முகம் வெளுத்துவிட்டது. முப்பது போட்டால்தான் இத்தனை மாதமாகப் பிள்ளை நன்றாக இருந்தாள் என்றான். பொய் சொல்கிறான் என்று அவர் நினைக்கவில்லை. எந்த சிரிஞ்சால், காட்டுங்கள் என்றார். நான்தான் பேக்கரிக்குப் போய் ஹெல்காவின் கடைசி சிரிஞ்சையும் காலையில் போட்ட சிரிஞ்சையும் எடுத்து வந்தேன்.

டாக்டர் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினார். ஹெல்காவின் சிரிஞ்சில் முப்பதாவது கோடு வரைக்கும் தண்ணீரை இழுத்தார். நம் ஊர் சிரிஞ்சின் தண்டை வெளியே உருவிவிட்டு, அதன் ஊசி மூடியைக் கழற்றாமல், பின்பக்கமாக அந்தத் தண்ணீரை உள்ளே விட்டார். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, படியுங்கள் என்றார்.

இருசப்பன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பன்னெண்டு" என்றான்.

அந்த அம்மாவின் நாட்டில் இன்சுலின் இன்னும் கெட்டியாக வருகிறது, அந்த மருந்துக்காகப் போட்ட கோடுகள் இவை, நம் ஊர்ப் பாட்டிலுக்கு இந்தக் கணக்கு ஆகாது என்றார் டாக்டர். ஆரம்பத்தில் பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டு அவன் பாதிகூடப் போடவில்லை. முப்பது என்று ஏற்றியபோதுதான் சரியான பன்னிரண்டு பிள்ளை உடம்பில் போனது. இன்று காலையில் போனது நிஜமான முப்பது.

"அப்ப மருந்து?"

"மருந்து மொத நாள்ல இருந்தே சரியாத்தான் இருந்துச்சு, இருசப்பன்."

"ஈஸ்ட்டு?"

"அதுவும் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

அவன் கட்டிலில் இருந்த மகளைப் பார்த்தான். பிறகு, "ரெண்டாவது ஊசியப் போட்டிருந்தா?" என்று கேட்டான். டாக்டர் சிரிஞ்சை மேஜையில் வைத்தார். அவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷம் அவனைக் கிண்டல் பண்ணியவன் நான், அன்றைக்குப் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த பௌர்ணமிக்கு அவன் தருமன் கடை வாசலில் நின்றான். கையில் இரண்டு சிரிஞ்சும் ஒரு டம்ளர் தண்ணீரும். மருந்து வாங்க வந்தவர்களை நிறுத்தி, டாக்டர் செய்ததைச் செய்து காட்டி, "தப்பு என்னுது, இந்தக் கடையில எல்லாம் சுத்தமான சரக்கு" என்று சொன்னான். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் வித்தை காட்டுகிறான் என்று நினைத்து விலகிப் போனார்கள். தருமன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓரமா நில்லுப்பா, யாவாரம் நடக்கட்டும்" என்றார். போன வாடிக்கை முழுக்கத் திரும்பவில்லை. சந்தேகத்தைச் சொல்ல ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அதைத் திரும்ப எடுக்க எத்தனை பௌர்ணமி நின்றாலும் முடியவில்லை. ஆனாலும் அவன் நின்றான்.

பிரெட் போடுவது மட்டும் மாறவில்லை. பாக்கெட்டைப் பிரித்தால் இன்னமும் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுத்தான் பார்ப்பான். மூட்டை நூலையும் பார்ப்பான். ஆனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் நானே கேட்டேன், இப்போதாவது யாரையாவது நம்புகிறாயா என்று. "மத்தவங்கள வுடுங்கண்ணா. என்னியத்தான் நம்ப முடியல" என்றான்.

ஒரு காலையில் வெண்ணெய் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். ஊசி போடும் நேரம். சிவப்பு மூடி சிரிஞ்சில் மருந்தை இழுத்து, வழக்கம்போலத் தூக்கிப் பார்த்துவிட்டு, வினோதினியின் கையைப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். சிரிஞ்சை அவனிடமிருந்து வாங்கி, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் வைத்துக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பன்னெண்டுதானேப்பா?"

"பன்னெண்டுதாம்மா."

அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மூட்டை நூலை அவன் பார்ப்பானே, அப்படிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க வா" என்று கூப்பிட்டாள். "நீ ஒருவாட்டி பாத்துச் சொல்லு."

பச்சையம்மாள் ட்ரே கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் வந்து, கோட்டைப் பார்த்துத் தலையாட்டும் வரைக்கும் இருசப்பன் தன் மகள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.